சப்பாத்து மட்டும் மிஞ்சிய மாடம்

றீற்றாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எங்கள் மியூசியத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். சாப்பாட்டு அறையில் என்னோடு இருந்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். ஆனால் நீலச் சட்டையும் இடுப்பில் வோக்கி-ரோக்கியுமாகக் காட்சிக்கூடத்தில் காவலுக்கு ஏறி நின்றுவிட்டால் அவள் வேறு பிறவி. ஒருமுறை சூட் போட்ட ஒரு பெரிய மனிதர் சிலையொன்றின் மூக்கைத் தடவப் போனார். "சேர், கை!" என்று இவள் போட்ட சத்தத்தில், அந்த மனிசன் மிச்ச மியூசியம் முழுவதையும் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடியே பார்த்து முடித்தார்.

நான் ஜெயமலர். கீழே கோட் வாங்கி வைக்கும் கவுண்டரில் நிற்கிறவள். மாரியில் ரொறன்ரோவின் பாதிக் கோட்டுகள் என் கையால்தான் போய்வரும். அந்தக் கட்டடத்தில் எங்கள் வயதுக்குத் தமிழ் கதைக்க நாங்கள் இரண்டு பேர்தான். அவள் நாரந்தனைக் கத்தோலிக்கம், நான் இணுவில் சைவம். தவக்கால வெள்ளிகளில் அவளுக்கு மரக்கறி, எனக்கு எல்லா வெள்ளியும் மரக்கறி. சாப்பாட்டுப் பெட்டியை மாற்றி மாற்றித் தின்றுதான் சிநேகிதமானோம்.

அவள் கதையைக் கேட்டால் ஒரு மனிசி இவ்வளவையும் செய்ய முடியுமா என்று இருக்கும். தகப்பன் அமிர்தநாதர் ஊரிலேயே போய்விட்டார். கடைக்குட்டி றூபனை மாமா ஒருவர் லண்டனுக்கு எடுத்துக்கொண்டார். தாயையும் தங்கச்சி பேபியையும் இழுத்துக்கொண்டு இவள் இங்கே வந்து சேர்ந்தாள். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற். தாய் கட்டிலில், அக்காவும் தங்கச்சியும் கீழே ஒரே போர்வைக்குள். பேபிக்குப் பள்ளிக்கூடப் பருவம். முதல் பனிக்கு அவளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, றீற்றா அந்த மாரி முழுக்கக் கன்வஸ் சப்பாத்தோடு சொக்ஸ் பக்டரிக்குப் போய்வந்தாள். பிறகு அலெக்ஸாண்டரைக் கட்டினாள், ரூஜ் பக்கம் வீடு வாங்கினாள், தாயைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அலெக்ஸாண்டர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர். வீட்டில் பாதி நாள் இருக்க மாட்டார். பேபி கலியாணம் கட்டவில்லை. ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை, பழைய கட்டடத்திலேயே வீடு.

தாய் விழுந்து கட்டிலோடு ஆனபிறகு குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் றீற்றாதான். பேபி மாதத்தில் ஓரிரு ஞாயிறு சப்வேயும் இரண்டு பஸ்ஸும் பிடித்து வருவாள், ஒரு கேக் பெட்டியோடு. தாய்க்கு அவளைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். நாள் முழுக்கக் கழுவித் துடைக்கிறவளைக் கண்டால் மலருமா? இது எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது றீற்றாதான்.

ஒரு நத்தார் மத்தியானம், கிறிஸ்மஸ் கேக் சாப்பிடக் கோயில் பங்குச் சனம் வீடு நிறைய இருக்க, பேபி தாயின் கையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்: "என்னம்மா எலும்பாப் போனீங்கள், அக்கா சாப்பாடு தாறேல்லையோ?"

பகிடிக்குச் சொன்னாளோ, பதறிச் சொன்னாளோ. சனம் சிரித்தது. றீற்றா சிரிக்கவில்லை. எல்லோரும் போனபிறகு, "இனி இந்த வாசலுக்கு வராதை" என்று சொல்லித் தங்கச்சியை அனுப்பினாள். அதற்குப் பிறகு பேபி போன் எடுத்தால் அம்மா நித்திரை. இன்னொரு நாள் எடுத்தால் அம்மாவுக்குக் காது கேட்காது. இரண்டு வருடத்தில் பேபி களைத்துப் போனாள். ஒரு கார்த்திகை விடியலில் தாயும் போய்விட்டார்.

இனி, மரண அறிவித்தல். எங்கள் ஆட்களுக்கு இது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. யார் செத்தாலும் அன்றைக்கே இணையத்தில் வந்துவிடும், ரேடியோவில் வாசிப்பார்கள். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று பிறந்த ஒழுங்கில் பெயர் வரும். சிட்னியில் இருக்கும் மருமகனின் பெயர் விடுபட்டாலே வருடக் கணக்கில் கதைபேச்சு இருக்காது. பிள்ளையின் பெயர் விடுபட்டால் அதைத் தவறென்று ஒருவரும் எடுக்க மாட்டார்கள். செத்தவர் வெட்டிவிட்டார் என்றுதான் எடுப்பார்கள்.

அறிவித்தல் போடுகிற பெடியன் போன் எடுத்தபோது றீற்றா தாயின் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாளாம். பிள்ளைகளின் பெயர் கேட்டான். "றீற்றா, றூபன்" என்றாள். "அவ்வளவுதானோ அக்கா?" என்றான். "ஓம்" என்றாள். அந்த ஒரு ஓம்தான்.

அக்கா சொல்லியிருப்பாள் என்று றூபன் நினைத்தான். றூபன் சொல்லட்டும் என்று அக்கா விட்டாள். ஆகவே பேபிக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில், சலவை மெஷின்கள் சுற்றுகிற சத்தத்தில், யாரோ அனுப்பிய அறிவித்தலைப் போனில் திறந்துதான் தாய் செத்ததை அறிந்தாள். தன் பெயரைத் தேடி மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாளாம்.

பார்வைக்கு வைத்த அன்று நானும் போயிருந்தேன். பேபி வந்தாள். பனி ஒட்டிய சப்பாத்தோடு கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பாருங்கோ கல்லு மாதிரி நிக்கிறாள். தாய் சும்மாவே பேரை விட்டவ?" என்று எனக்குப் பின்னால் ஒரு மனிசி சொன்னாள். பொய் சொல்வானேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த சித்திரையில்தான் ஒரு பழைய கல்லறை எங்கள் மியூசியத்துக்கு இரவலாக வந்தது. இங்கிலாந்தில் ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முன் செத்த ஒரு பிரபுவும் மனைவியும். பெயர் என் வாய்க்குள் நுழையாது. மேலே இரண்டு பேரும் கற்சிலையாய்க் கைகூப்பிப் படுத்திருக்கிறார்கள். கீழே பெட்டியைச் சுற்றிச் சின்னச் சின்ன மாடங்கள். மாடத்துக்கு ஒன்றாக, முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளை உருவங்கள். ஒருத்தி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைக்கிறாள். ஒருவன் கன்னத்தில் கைவைத்து நிற்கிறான். இன்னொருத்தி செபமாலையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கண்ணீர் ஒன்றும் செதுக்கவில்லை, ஆனால் அழுகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். மடிப்புகளுக்குள் பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

காவல் ஆட்களுக்கு விளக்கம் சொன்னது நடாஷா. இங்கே பிறந்த எங்கள் பிள்ளை, படித்துப் பெரிய வேலையில் இருக்கிறாள். "அன்ரி, இவையளுக்கு வீப்பர்ஸ் எண்டு பேர். அழுகிற ஆக்கள். எல்லாம் அவையின்ரை பிள்ளையள், சொந்தக்காரர். கையிலை ஷீல்ட் இருக்குதெல்லே, அதிலை ஆர் எந்தக் குடும்பம் எண்டு பெயின்ற் பண்ணி இருந்தது. மூத்த ஆள் தலைமாட்டிலை, பிறகு ஓடராய் வரும். இந்த அலபாஸ்ரர் கல்லு இட்ஸ் வெரி சொஃப்ற், நகத்தாலை கீறினாலே கீறல் விழும். தண்ணி பட்டாலும் பழுதாகும்."

"அழுகிற ஆளுக்குத் தண்ணி படக் கூடாதோ? நல்ல கதை!" என்றேன் நான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு றீற்றாவின் தோளில் தட்டினேன். "இது வேறை ஒண்டும் இல்லை றீற்றா. எங்கடை மரண அறிவித்தல்தான். நாங்கள் இண்டர்நெற்றிலை போடுறதை இவங்கள் கல்லிலை போட்டிருக்கிறாங்கள். பாரும், ஆக்கள், ஒழுங்கு, குடும்பப் பேர், ஒண்டும் குறையேல்லை!"

"ஒண்டு குறையுது," என்றாள் றீற்றா.

அப்போதுதான் கண்டேன். தலைமாட்டிலிருந்து இரண்டாவது மாடம் வெறுமை. முழு வெறுமையும் இல்லை. கீழே சட்டையின் கரை கொஞ்சமும், கூர் நுனி வைத்த இரண்டு சின்னச் சப்பாத்தும் அப்படியே நின்றன. ஆளைக் காணவில்லை. உளியால் தட்டி எடுத்த தழும்பு இருக்கிறதென்றும், யார், ஏன் என்பது தெரியாதென்றும் நடாஷா சொன்னாள். றீற்றாவின் முகம் செத்துப் போய்விட்டது. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, பசியாக்கும் என்று நினைத்தேன்.

சனத்தின் புத்தி இருக்கிறதே, இத்தனை வேலைப்பாட்டோடு அழுகிறவர்கள் நிற்க, வருகிறவர்கள் எல்லோரும் அந்த வெறும் மாடத்துக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். "இதில் நின்றது யார்?" என்பார்கள். பதில் சொல்ல வேண்டியது பக்கத்தில் நிற்கும் காவல்காரி. "தெரியாது" என்று றீற்றா சொல்வாள். காலையிலும் சொல்வாள், மாலையிலும் சொல்வாள். வேறு கூடத்துக்கு மாற்றிவிடும்படி கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கோடை முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டாள். கொண்டுவந்த சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோவாள்.

ஒரு நாள் நான் பொறுக்காமல், "என்னப்பா உமக்கு? சீனி வருத்தமோ, என்ன கோதாரியோ, டொக்டரிட்டைப் போமன்" என்று ஏசினேன். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். நத்தார், போன், அந்த ஓம். தாய்தான் வெட்டிவிட்டார் என்று ஊரோடு சேர்ந்து நானும் ஒரு வருடம் நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அம்மா சொன்னவா எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள்.

"இல்லை எண்டும் சொல்லேல்லைத்தானே," என்றேன்.

தாயின் ஆண்டுத் திருப்பலி நெருங்கியது. அதற்கும் ஒரு நினைவஞ்சலி போட வேண்டும். இந்த முறை பேபியின் பெயரையும் போட்டுவிடுவதென்று தீர்மானித்தாள். றூபனைக் கொண்டு பேபிக்கும் சொல்வித்தாள். பெயரைப் போட்டால் காயம் ஆறிவிடும், தான் வாய் திறக்கத் தேவையில்லை என்பது அவள் நினைப்பு. மறுநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கப் போன் அடித்தது. பேபி. கையெல்லாம் கறி, ஆகவே றீற்றா சின்ன விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, றூபன் சொன்னவன். என்ரை பேரைப் போட வேண்டாம்."

"ஏன் பேபி?"

"அம்மா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவா. செத்த மனிசியின்ரை சொல்லை மீறக் கூடாது. நீங்கள் மனமிரங்கிக் கேக்கிறியள், எனக்கு விளங்குது. தாங்ஸ் அக்கா. ஆனா வேண்டாம்."

றீற்றா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் காட்டுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன், சொல்லு, சொல்லு என்று. "சரி," என்றாள் இவள். போன் வைபட்டது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன சரி? என்ன சரி எண்டு கேக்கிறன்! நீர் செய்த வேலையைச் செத்த மனிசியின்ரை தலையிலை போட்டிட்டுச் சரியாம்!"

"கத்தாதையும் ஜெயமலர். மூண்டு வருசத்துக்குப் பிறகு அக்கா எண்டு கூப்பிட்டவள். உண்மையைச் சொன்னால் அந்தச் சொல்லும் போயிடும்."

"சொல்லாட்டில் அவள் தாய் வெட்டின பிள்ளையாத்தான் சாவாள். எது வேணும் உமக்கு?"

அவள் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். சரியாகச் சொன்னேனா, கூடச் சொன்னேனா என்று எனக்கும் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நடாஷா மேலேயிருந்து ஓடிவந்தாள். "ஜெயா அன்ரி, றீற்றா அன்ரிக்கு என்ன நடந்தது? ஐ ஆம் வொறீட்." விஷயம் இதுதான். ஒரு வெள்ளைக்கார அம்மா அந்த மாடத்துக்கு முன்னால் நின்று, "பாவம், உடைத்து எறியும் அளவுக்கு இந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்ததோ?" என்று கேட்டிருக்கிறார். றீற்றா, "அவள் ஒன்றும் செய்யவில்லை. அக்காக்காரிதான் உடைத்தாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா ஆர்வமாகி, இது எந்த ஆராய்ச்சியில் இருக்கிறது என்று நடாஷாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்!

வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மேலே போனேன். றீற்றா நின்ற இடத்தில் நின்றபடியே கேட்டாள்: "ஜெயமலர், வேலை முடிய என்னோடை சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வாறீரே? தனியப் போனால் பாதி வழியிலை திரும்பிடுவன்."

"வாறன்," என்றேன்.

இரண்டு பேரும் சப்வே பிடித்துப் போனோம். பேபி கதவைத் திறந்து அக்காவைக் கண்டு திகைத்தாள். பிறகு இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி போட்டாள். எனக்கு அந்தச் சின்ன வீட்டில் கண் போன இடம் சமையலறைப் பிறிட்ஜின் மேல். தாயின் படம் ஒன்று சாத்தி வைத்திருந்தது. பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. பழைய மின்சாரக் கட்டணக் கடிதாசிகளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. நான் பார்ப்பதைப் பேபி கண்டுவிட்டாள்.

"திரி கொளுத்த எனக்கு உரிமை இருக்கோ தெரியேல்லை அன்ரி. அதாலை சும்மா வைச்சிருக்கிறன்."

றீற்றாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பேபி, அம்மா உன்ரை பேரை விடச் சொல்லேல்லை. நான்தான் விட்டனான். அவன் அவ்வளவுதானோ எண்டு கேட்டவன். நான் ஓம் எண்டனான். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது."

பேபி கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். கத்தவில்லை.

"அப்ப அம்மா என்னைக் கேட்டவாவோ?"

இங்கே றீற்றா ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், பிள்ளையாரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

"ஒவ்வொரு நாளும் கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உனக்கு நேரமில்லையாம் எண்டு சொன்னன்."

"கடைசி நாளும்?"

"கடைசி நாளும்."

ஐயோ, அந்தப் பிள்ளை அழுத அழுகை. பிள்ளை என்கிறேன், அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பார்வைக்கு வைத்த மண்டபத்தில் வராத அழுகை எல்லாம் அன்றைக்கு அந்தச் சமையலறையில் வந்தது. "அம்மா, எனக்கு நேரம் இருந்ததம்மா, எனக்கு நேரம் இருந்ததம்மா" என்று பிறிட்ஜில் நெற்றியை வைத்துக்கொண்டு கதறினாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். றீற்றா எழும்பிப் போய்த் தங்கச்சியின் முதுகுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனாள். தொடவில்லை. அந்தக் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கீழே இறங்கியது.

நாங்கள் வெளிக்கிடும்போது பேபி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சொன்னது தெளிவு.

"என்ரை பேரைப் போடுங்கோ. நான் அம்மாவின்ரை பிள்ளை. ஆனா உங்கடை பேருக்குப் பக்கத்திலை வேண்டாம். றூபனை நடுவிலை போடுங்கோ."

"சரி," என்றாள் றீற்றா.

நினைவஞ்சலி வந்தது. 'பாசமிகு பிள்ளைகள்: றீற்றா, றூபன், பேபி.' கடைக்குட்டி நடுவில், நடுப்பிள்ளை கடைசியில். எங்கள் சனம் சும்மா விடுமா? அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க றீற்றாவின் போன் அடித்தபடி இருந்தது. பேபியின் பெயர் இந்த முறை எப்படி வந்தது என்று சிலர் கேட்டார்கள். ஒழுங்கு பிழைத்துவிட்டது, உடனே திருத்தச் சொல் என்று சிலர் சொன்னார்கள். ஒன்றையும் அவள் கட் பண்ணவில்லை. எல்லோருக்கும், "அம்மா ஒண்டும் சொல்லேல்லை, போனமுறை நான்தான் விட்டனான்" என்று ஒரே மாதிரிச் சொன்னாள். சிலர் படக்கென்று போனை வைத்தார்கள்.

கடைசியாகப் பங்கிலே பெரிய ஆள் ஒரு அன்ரி. பெயர் வேண்டாம், அவவின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. "றீற்றா, அந்தப் பெடியன் ஒழுங்கை மாத்திப் போட்டிட்டான் பிள்ளை. பேபி உனக்குப் பக்கத்திலையெல்லே வரவேணும்!"

"அவன் பிழை விடேல்லை அன்ரி," என்றாள் றீற்றா. "அவள் எனக்குப் பக்கத்திலை நிக்க மாட்டாளாம்."

றீற்றா போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள், நீலச் சட்டையின் கொலரைச் சரிசெய்தாள், வோக்கி-ரோக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே அந்த மாடத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போனாள்.